கரண்ட் இல்லாதபோதும் மின்னிய விளக்கு

அக்கா மகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் கட்டிக் கொடுத்தேன். பாகங்களைப் பொருத்த ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. ஆனால் சுவிட்சைத் தட்டினால் தவறாமல் திரை வரும் என்ற நிலைக்கு அதைக் கொண்டுவர மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரத்தில் எதைப் பார்த்தேன், எதை அளந்தேன், எங்கே தவறாக யோசித்தேன் என்று நடந்தபடியே எழுதுகிறேன்.

அக்கா வீடு திருபுவனத்தில். அத்தான் பட்டுத்தறி நெய்கிறவர். மகள் புடவைக்கு டிசைன் வரைகிறாள். முந்தானையில் ஒரு மயில் வரவேண்டும் என்றால், கட்டம் கட்டமாக அதை வரைந்து, எந்தக் கட்டத்தில் எந்த இழை தூக்க வேண்டும் என்று குறித்து, அதைப் பார்த்து, தறியில் இழை தூக்குவதை இயக்கும் துளையிட்ட ஜக்கார்டு அட்டை அடிப்பார்கள். இழை தூக்கும் 240 கொக்கிக்கு ஒரு வரிசை, அப்படி நூற்றுக்கணக்கான வரிசை. அவள் பழைய கம்ப்யூட்டரில் பெரிய டிசைனைத் திறந்தால் ஒரு பக்கம் நகர்த்தவே நேரமாகும். திரையும் சின்னது, கட்டம் தெரிய வேண்டுமென்றால் பூ முழுசாகத் தெரியாது, பூ தெரிந்தால் கட்டம் கலங்கிவிடும்.

பாகங்களை சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, இரவு உழவன் எக்ஸ்பிரஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு கும்பகோணம் வந்து இறங்கினேன். ரைசன் 5 5600 பிராசசர், அதற்கேற்ற ஏஎம்4 சாக்கெட் உள்ள மதர்போர்டு, இரண்டு 8 ஜிபி ராம், எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் புது எஸ்எம்பிஎஸ். கிராபிக்ஸ் கார்டு மட்டும் கைமாறி வந்த பழையது: திரைக் கேபிள் செருக ஒரு எச்டிஎம்ஐ துளை, இரண்டு டிஸ்ப்ளேபோர்ட் துளை. ஹார்ட் டிஸ்க்கும் அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் இருந்ததுதான். அதில் மூன்று வருட டிசைன் இருக்கிறது.

முதல் சனிக்கிழமை

மானிட்டர் இன்னும் வரவில்லை. முன்கூடத்து டிவியில்தான் சோதனை. பட்டனை அழுத்தியதும் ஃபேன் எல்லாம் சுற்றியது. டிவியில் 'சிக்னல் இல்லை'.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எச்டிஎம்ஐ கேபிள் மதர்போர்டில் இருந்த துளையில் செருகப்பட்டிருந்தது. ரைசன் 5 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. பெயரின் கடைசியில் 'ஜி' சேர்ந்த 5600ஜி-யில்தான் உண்டு. அதனால் மதர்போர்டின் துளை இந்த பிராசசரோடு வெறும் அலங்காரம். திரை வரவில்லை என்று கேட்டு எனக்கு வரும் போன்களில் பாதி இந்த ஒரு விஷயத்தில்தான் முடிகிறது. கேபிளை கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்றினோம்.

மாற்றியும் வரவில்லை. மதர்போர்டின் ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகள் உண்டு: சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் (கிளம்பும் டிஸ்க்). கிளம்பும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணைய வேண்டும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. எங்களுக்கு டிராம் விளக்கு நின்றது. இந்த நான்கு விளக்கும் இல்லாத பழைய போர்டாக இருந்தால், ஒரு சின்ன ஸ்பீக்கரைப் பொருத்தி பீப் சத்தத்தை எண்ண வேண்டும்.

ராம் இரண்டையும் கழற்றினேன். நான்கு துளை உள்ள போர்டில் இரண்டு ராம் மட்டும் போடுவதானால் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் பெரும்பாலும் சரியான இடம். நான் அப்படித்தான் போட்டிருந்தேன். ஆனால் நான்காவதில் ஒரு முனை முழுதாக இறங்கவில்லை. இந்த வகை போர்டில் ஒரு பக்கத்தில் மட்டும்தான் தாழ்ப்பாள். மறுபக்கம் சும்மா தொட்டுக்கொண்டு நின்றாலும் உட்கார்ந்த மாதிரியே தெரியும். இரண்டு கட்டைவிரலாலும் இரண்டு முனையையும் மாறி மாறி அழுத்தினால் 'டக்' என்று இறங்குகிறது. இறங்கியது. விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸ் மென்பொருளின் திரை டிவியில் வந்தது.

அடுத்து டிஸ்க். பயாஸில் அதன் பெயர் தெரிகிறது, ஆனால் கிளம்பும் வரிசையில் இல்லை. பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் முறையில் போடப்பட்டிருந்தது. புது போர்டு யுஇஎஃப்ஐ என்ற புது முறையில் மட்டும் தேடுகிறது. பயாஸில், பழைய முறையையும் ஏற்கச் செய்யும் சிஎஸ்எம்-ஐ ஆன் செய்ததும் பழைய முறையில் விண்டோஸ் திறந்தது. முதல் வேலையாக டிசைன் முழுவதையும் வேறு டிஸ்க்கில் நகலெடுத்தோம். பிறகு விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியை ஓட்டி டிஸ்க்கை ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றி, சிஎஸ்எம்-ஐ மறுபடி அணைத்தேன். அந்தக் கருவிக்கு ஒரு நிபந்தனை: டிஸ்க்கில் மூன்றுக்கு மேல் முதன்மைப் பிரிவுகள் இருக்கக் கூடாது. எங்களுக்கு இரண்டுதான்.

ராத்திரி பத்து மணிக்கு டிவியில் அவளுடைய மயில் முழுசாக விரிந்தது. அத்தான் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பெட்டியைத் தொட்டால் சுரீர்

அன்றைக்கே ஒன்று தெரிந்துவிட்டது. பெட்டியின் திருகாணியைப் புறங்கையால் தொட்டால் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு சுரீர். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறது. அக்கா, "புதுசு வாங்கியும் ஷாக் அடிக்குதேடா" என்று பயந்துவிட்டாள்.

எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போனதால் வருவது இல்லை இது. உள்ளே இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் உலோக உடம்போடு இணைந்திருக்கும். அதில் கசிகிற மிகச் சிறிய கரண்ட் எர்த் வழியாகப் போய்விட வேண்டும். எர்த் இல்லையென்றால் பெட்டியின் உடம்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதியில் மிதக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பெட்டியிலும் மறுமுனையைக் கொல்லை அடிபம்பின் குழாயிலும் வைத்தேன்: 104 வோல்ட்.

அளவில் அது ஆளைக் கொல்லாது. ஆனால் திரைக் கேபிளுக்கு அது எமன். பெட்டி இப்படி மிதந்துகொண்டிருக்க, டிவியின் உடம்பு கேபிள் டிவிக் கம்பி வழியாக எங்கோ தெருவில் எர்த் ஆகியிருக்கும். இரண்டும் ஓடும்போது எச்டிஎம்ஐ-யைச் செருகினால், வெளி உறை தொடுவதற்கு முன் உள்ளே ஒரு ஊசிமுனை தொட்டுவிட்டால் போதும், வித்தியாசம் முழுவதும் அந்த ஊசி வழியாகப் பாயும். டிவியில் ஒரு துளை மட்டும் செத்துப்போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எர்த் சரியாகும் வரை இரண்டு பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கேபிள் டிவிக் கம்பியையும் கழற்றிவிட்டுத்தான் எச்டிஎம்ஐ-யைத் தொட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

ஞாயிறு காலை தெருவிலிருந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். சுவிட்ச்போர்டில் எர்த் கம்பி இருந்தது. கொல்லையில் தென்னை ஓரத்தில் எர்த் குழியும் இருந்தது. இரண்டையும் சேர்க்கிற கிளாம்ப் துரு ஏறி, தொட்டதும் உதிர்ந்தது. சுரண்டிப் புதுக் கம்பி கட்டினார். நம்ம ஊர் வண்டல் மண்ணில் ஈரம் நிற்பதால் எர்த் நன்றாகவே எடுக்கும், கம்பிதான் போய்விடுகிறது. பிறகு அளந்தபோது ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 231, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 1.6. சுரீர் நின்றது. வீட்டில் கம்ப்யூட்டர் கட்டுகிற எல்லோரும் பாகம் வாங்குவதற்கு முன் இந்த ஒரு அளவை எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மானிட்டர் வந்த பிறகு

அடுத்த வாரம், தெரிந்தவர் ஒருவரிடமிருந்து 27 அங்குல மானிட்டர் வாங்கினோம். 2560×1440 புள்ளி, நல்ல நிறம். அதில் எச்டிஎம்ஐ வழியாக 1920×1080-க்கு மேல் எடுக்காது. முழு அளவும் வேண்டுமென்றால் டிஸ்ப்ளேபோர்ட்தான். கேபிளையும் அவரே கொடுத்தார், தடிமனாக, உறுதியாக இருந்தது.

மானிட்டர் வைத்த சுவரில் இருந்த பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருப்பது. கம்ப்யூட்டர் எதிர்ச் சுவரில் நேர் லைனில். சின்ன இன்வெர்ட்டர் என்பதால் கம்ப்யூட்டரை அதில் போட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இதை நினைவில் வையுங்கள்.

முதல் நாள் நன்றாக ஓடியது. நான் மாயவரம் திரும்பிவிட்டேன், எனக்கு வேலை அங்கே. செவ்வாய்க்கிழமை காலை போன். "மாமா, ஃபேன் சுத்துது, திரை வரல. விஜிஏ-ன்னு இருக்குற விளக்கு நிக்குது."

அணைத்துப் போடச் சொன்னேன். வரவில்லை. அரை மணி நேரம் கழித்து வந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது ரீஸ்டார்ட் கொடுத்தால் எத்தனை தடவை கொடுத்தாலும் வருகிறது. முழுதாக அணைத்துவிட்டுப் போட்டால் வரலாம், வராமலும் போகலாம்.

இப்படி வந்தும் வராமலும் இருக்கிற கோளாறுதான் மிகவும் கடினம். எதைச் செய்தாலும் அடுத்த தடவை தற்செயலாகக் கிளம்பிவிடும். நாம் செய்தது பலித்துவிட்டது என்று நம்பிவிடுவோம். அதனால் அவளிடம் ஒரு நோட்டில் குறிக்கச் சொன்னேன்: தேதி, நேரம், கிளம்பியதா, எந்த விளக்கு நின்றது, மழையா வெயிலா. மழையை நான் ஏன் கேட்டேன் என்றால் ஐப்பசி அடைமழை. சுவரெல்லாம் நீர் கோத்துக்கொண்டிருந்தது. பழைய கார்டின் அடியில், மதர்போர்டில் செருகும் தங்க முலாம் விரல்களில் ஈரம் படிந்து தொடர்பு விடுகிறது என்பதே என் எண்ணம்.

அந்தச் சனிக்கிழமை போய் வரிசையாகப் பார்த்தேன். கார்டைக் கழற்றி, விரல்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துப் போட்டேன். கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் தனி பவர் கம்பியை வேறு ஒன்றால் மாற்றினேன். பிராசசருக்கான 8 ஊசிக் கம்பி முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக எடுத்து, 24 ஊசிக் கனெக்டரில் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் சேர்த்து ஓட்டி அளந்தேன்: 12.1, 5.05, 3.32. இந்த மூன்றும் ஐந்து சதவீதத்துக்குள் ஏறி இறங்கலாம். எங்களுடையது நடுவிலேயே நின்றது. பயாஸ் அமைப்பை நினைவில் வைக்கும் சிமோஸ் பேட்டரி, சிஆர்2032, 3.1 வோல்ட். பயாஸ் அமைப்பை ஜம்பர் வைத்து அழித்தும் பார்த்தேன்.

பிராசசரை மட்டும் கழற்றவில்லை. ஏஎம்4-இல் 1331 ஊசியும் பிராசசரின் அடியில்தான் இருக்கிறது. கூலரை நேராக இழுத்தால் நடுவே உள்ள வெப்பம் கடத்தும் பசையில் ஒட்டிக்கொண்டு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும். ஓர் ஊசி வளைந்தால் போச்சு. சிபியு விளக்கு ஒழுங்காக அணைகிறபோது அங்கே கை வைக்கக் காரணமே இல்லை.

கடைசியாக டிவியோடு எச்டிஎம்ஐ-யில் இணைத்து, முழுதாக அணைத்து அணைத்துப் பத்து தடவை போட்டேன். பத்தும் கிளம்பியது. அன்று மாலை மானிட்டரை மாட்டியும் கிளம்பியது. ஈரம்தான், துடைத்தாயிற்று, முடிந்தது என்று ஊருக்குத் திரும்பினேன். திங்கள் காலை மறுபடி போன்.

நோட்டு சொன்னது

மூன்றாவது சனிக்கிழமை, பெட்டியைத் திறக்காமல் முதலில் நோட்டைத் திறந்தேன். டிசைன் வரைகிற பிள்ளை அல்லவா, கட்டம் போட்ட தாளில் கிளம்பிய நாளுக்குப் பச்சை, கிளம்பாத நாளுக்குச் சிவப்பு என்று நிரப்பி வைத்திருந்தாள். பார்த்ததும் புரிந்தது, என் எண்ணம் தலைகீழ். இடி மழை பெய்த இரவுக்கு மறுநாள் காலை எல்லாம் பச்சை. மழை விட்டு வெளுத்த நாட்களில்தான் சிவப்பு.

ஈரம் காரணமென்றால் இது நடக்கவே கூடாது. மழைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் வேறு ஏதோ இருக்கிறது. அக்காவிடம், "இடி இடிச்சா நீ என்ன பண்ணுவே?" என்று கேட்டேன்.

"என்ன பண்ணுவேன், எல்லா பிளக்கையும் புடுங்கிப் போட்டுடுவேன். காலையில இவ எழுந்து ஒவ்வொண்ணா மாட்டிக்குவா."

எந்த வரிசையில் மாட்டுவாள் என்று கேட்டேன். முதலில் கம்ப்யூட்டர், அதை ஆன் செய்துவிட்டுத்தான் எதிர்ச் சுவருக்குப் போய் மானிட்டர். இடி இல்லாத நாளில் மானிட்டர் பிளக் இரவு முழுவதும் மாட்டியபடியே இருக்கும்.

ஆக, மானிட்டருக்குக் கரண்ட் இருக்கும்போது கம்ப்யூட்டரைப் போட்டால் தகராறு. இல்லாதபோது போட்டால் இல்லை. படத்தை வாங்குகிற கருவி, அனுப்புகிற கருவியை எப்படித் தடுக்கும்? எனக்கு அப்போது விடை தெரியவில்லை. பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றி வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏழு மணி வாக்கில் கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டரில் முன்கூடத்து ஒரு லைட் மட்டும். கம்ப்யூட்டர் இருந்த மூலை இருட்டு. அக்கா மகள்தான் முதலில் கவனித்தாள்.

"மாமா, கரண்டே இல்லையே. இது மட்டும் எப்படி மின்னுது?"

மதர்போர்டின் ஓரத்தில், மின்மினி அளவுக்கு ஒரு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சமிருக்கும் கரண்ட் என்றால் சில நொடியில் அணைந்திருக்கும். ஐந்து நிமிடமாகியும் அணையவில்லை. எஸ்எம்பிஎஸ் பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கினேன். எரிகிறது. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைப் பிடுங்கினேன். அணைந்தது. மறுபடி செருகினேன். எரிந்தது.

மானிட்டர் இன்வெர்ட்டர் லைனில் இருந்ததால்தான் இது கண்ணில் பட்டது. மானிட்டரிலிருந்து கேபிள் வழியாகக் கரண்ட் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது.

இருபதாவது ஊசி

டிஸ்ப்ளேபோர்ட்டில் இருபது ஊசி. இருபதாவது, பவர் ஊசி: 3.3 வோல்ட், 500 மில்லிஆம்பியர் வரை. கார்டின் துளையிலும் அது உண்டு, மானிட்டரின் துளையிலும் உண்டு. இடையில் மாட்டுகிற சின்ன மாற்றிகள் ஓடுவதற்காக வைத்தது. இரண்டு பக்கமும் கரண்ட் தருவதால், சாதாரண கேபிளில் அந்தக் கம்பி இருக்கவே கூடாது என்பது டிஸ்ப்ளேபோர்ட் தரத்தை வகுக்கும் வெசா அமைப்பின் விதி. இதைக் கவனிக்காமல் இருபதையும் நேருக்கு நேர் இணைத்துச் செய்த கேபிள்களும் சந்தையில் உண்டு. எச்டிஎம்ஐ-யில் இந்தச் சிக்கல் வராது. அங்கே 18-ஆம் ஊசியில் 5 வோல்ட் கார்டிலிருந்து டிவிக்குப் போகிற ஒரு வழிதான். டிவியோடு பத்துக்குப் பத்து கிளம்பியது அதனால்தான்.

பின்னோக்கி வந்த 3.3 வோல்ட், கார்டின் வழியாக மதர்போர்டின் 3.3 வோல்ட் பாதைக்குப் போகிறது. எஸ்எம்பிஎஸ் அணைந்திருந்தாலும் அந்தப் பாதை முழுதாகச் சுழியத்துக்கு இறங்காது. பட்டனை அழுத்தும்போது கார்டு பாதி விழித்தும் பாதி தூங்கியும் இருக்கும். புதிதாகத் தொடங்குவதற்கான ரீசெட் அதற்குச் சரியாக விழாது. விஜிஏ விளக்கு நிற்கும். ஓடும்போது ரீஸ்டார்ட் கொடுத்தால் எல்லாப் பாதையிலும் முழுக் கரண்ட் இருப்பதால் குழப்பமில்லை.

யோசனை சரியென்று தோன்றினாலும் ஏற்கெனவே ஈரத்தை நம்பி ஏமாந்திருந்தேன். அளந்து பார்க்காமல் விடக் கூடாது என்று உட்கார்ந்தேன். எஸ்எம்பிஎஸ் பிளக் வெளியே இருக்க, 24 ஊசிக் கனெக்டரில் ஆரஞ்சுக் கம்பிக்கும் கறுப்புக்கும் நடுவே வைத்தேன்: 1.4 வோல்ட். சுவரோடு தொடர்பே இல்லாத போர்டில் இருக்கவே கூடாத அளவு. அடுத்து கேபிளை இரண்டு பக்கமும் கழற்றினேன். மீட்டரின் முனை அந்தத் துளைக்குள் போகாது. தையல் ஊசியை முனையோடு சேர்த்துக் கம்பி சுற்றிக் கட்டினேன். ஊசி வரிசைப் படத்தை வைத்து எண்ணி, ஒரு முனையின் இருபதாவதிலும் மறுமுனையின் இருபதாவதிலும் தொட்டதும் மீட்டர் 'பீப்' என்றது, அதாவது இரண்டும் இணைந்திருக்கின்றன. பிறகு ஒரு முனையை மட்டும் மானிட்டரில் செருகி ஆன் செய்து, தொங்குகிற முனையின் இருபதாவது ஊசிக்கும் வெளி உலோக உறைக்கும் நடுவே வைத்தேன்: 3.28 வோல்ட். இந்தக் கடைசி அளவை எடுக்கும்போது கை நடுங்காமல் இருக்க வேண்டும். ஊசி பக்கத்து ஊசியைத் தொட்டால் மானிட்டரின் துளை ஷார்ட் ஆகும். கேபிளை மேசையோடு டேப் போட்டு ஒட்டிவிட்டுத்தான் செய்தேன். முதல் இரண்டு அளவே போதும், இதைத் தவிர்த்துவிடுங்கள் என்றுதான் மற்றவர்களுக்குச் சொல்வேன்.

ஞாயிறு காலை கும்பகோணத்தில் மூன்று கடை ஏறினேன். இருபதாவது ஊசி இணைக்காத கேபிள் என்று கேட்டதும் விழித்தார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது கடைக்காரர் மட்டும், "மீட்டர் கையில இருக்கா சார், நீங்களே பாத்து எடுத்துக்குங்க" என்று ஐந்து கேபிளை எடுத்து மேசையில் போட்டார். இரண்டு பீப் அடித்தது. மூன்று அடிக்கவில்லை. அந்த மூன்றில், உறை மேல் டிஸ்ப்ளேபோர்ட் சான்றிதழ் முத்திரை இருந்ததை எடுத்துக்கொண்டேன். தடிமனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; பீப் அடித்ததில் ஒன்றுதான் ஐந்திலேயே தடிமனானது.

புதுக் கேபிளைப் போட்டு, மானிட்டர் ஓடும்போதே, முழுதாக அணைத்து இருபது தடவை போட்டேன். இருபதும் கிளம்பியது. ஆரஞ்சுக் கம்பியில் இப்போது சுழியம். அவசரத்துக்கு வேறு வழி வேண்டுமென்றால், கம்ப்யூட்டரைப் போடும்போது மானிட்டர் பிளக்கை அணைத்து வைத்து, பயாஸ் படம் வருகிற நேரத்தில் ஆன் செய்யலாம். ஆனால் அதையே பழக்கமாக்கக் கூடாது. கார்டுக்குள் வரக் கூடாத கரண்ட் வந்துகொண்டேதான் இருக்கும்.

நோட்டை நிறுத்த வேண்டாம் என்று அக்கா மகளிடம் சொல்லியிருந்தேன். இடி இருந்த இரவு, இல்லாத இரவு, இரண்டு தடவை கரண்ட் போய் வந்த நாள் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நாள் தொடர்ந்து பச்சை. பதிமூன்றாம் நாள் அவளே நிறுத்திவிட்டாள். அந்தத் தாளின் மிச்சக் கட்டத்தில் ஒரு மாங்காய் புட்டா வரைந்திருக்கிறாள்.

பழைய கேபிளின் இரண்டு முனையிலும் சிவப்பு நூல் கட்டி என் கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன், யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது. மானிட்டர் கொடுத்தவருக்கும் போன் செய்து விவரம் சொன்னேன். அதே மாதிரி இன்னொரு கேபிள் அவர் மகன் கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். அதுவும் சில காலையில் கிளம்புவதில்லையாம். வருகிற ஞாயிறு மீட்டரையும் தையல் ஊசியையும் எடுத்துக்கொண்டு ஆடுதுறையில் இறங்குகிறேன்.